முருங்கைக்காயனும் மாஸும்

அக்குறணைக் கடைத்தெருவில் விடியற்காலையில் தட்டப்படும் ரொட்டி கோதுமை மாவினால் ஆனது. அக்கோதுமையோ இலங்கை வயல்களில் விளைவதன்று; கப்பலேறி வருவது. சோற்றையே உணவெனக் கொண்ட மலைநாட்டாருக்கு இம்மா இத்துணை பழக்கமானமைக்குப் போரும் ஒரு காரணமாகும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைய, கோதுமை மா அவ்விடத்தை நிரப்பிற்று.

போர் ஓய்ந்த பின்னும் கவலை ஓயவில்லை. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நடைபெற்றது, உயிர்கள் பலியாயின, அவ்வாண்டு அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஓர் அரசையே அசைக்கும் வல்லமை அரிசிக்கு இருந்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1952இல், குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் விவசாயத் திணைக்களத்தின் நெல்லின விருத்தி நிலையம் தொடங்கியிருந்தது. அங்கு எடுத்துக்கொண்ட நாட்டு நெல் முருங்கைக்காயன் 302. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் அந்நியமன்று! மற்றையது இந்தோனேசியாவின் மாஸ். எரிபந்த நோயைத் தாங்கவல்லது.

நெற்பூ ஒன்றிலேயே ஆண்பாகமும் பெண்பாகமும் சேர்ந்திருக்கும். ஆதலின் தாய்ப்பூ விரியுமுன்னரே அதன் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பிற இனத்தின் மகரந்தத்தைத் தூவுதல் வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு மணிதான். அம்மணியை முளைக்கவைத்து, அதன் சந்ததிகளைப் போகந்தோறும் விதைத்து, நோயுற்றதையும் விளைச்சல் குன்றியதையும் கழித்துக்கொண்டே வருதல் வேண்டும். பொறுமையற்றோர்க்கு உரிய தொழிலன்று இது. கலாநிதி ஹெக்டர் வீரரத்ன முதலியோரின் இவ்வுழைப்பால் 1950களின் பிற்பாதியில் உழவர் கைக்கு வந்தது ‘எச் 4’ என்னும் சிவப்பரிசி நெல். நாட்டு வயல்களின் பெரும்பகுதியில் அது பரவிற்று.

மெக்சிக்கோவில் நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமையை உருவாக்கியதும், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் முதலியோரின் முயற்சியால் 1966இல் இந்தியா அவ்வித்தில் 18,000 தொன் தருவித்ததும் உலகறிந்தவை. சோளத்துக்கும் கோதுமைக்குமான பன்னாட்டு நிலையம் மெக்சிக்கோவில் அமைந்ததும் அவ்வாண்டிலேயே. பிலிப்பைன்ஸின் ‘ஐ.ஆர். 8’ நெல்லும் 1966இல் வெளிவந்தது. எச் 4 இவற்றுக்கு முற்பட்டது என்பதை நம்மவரே பலர் அறியார்.

எச் 4க்கும் குறையுண்டு. நெடிய பயிராதலின் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். அக்குறை நீங்கிய குட்டை நெல்லாகிய ஐ.ஆர். 8 வந்தபோது, அஃது இலங்கையில் வேரூன்றவில்லை. இலைவெளிறல் நோய்க்கு அது எளிதில் ஆட்பட்டது. வெளிநாட்டு வித்தை அப்படியே விதைத்தல் வேறு, அதன் நற்குணத்தை உள்நாட்டுத் தேவைக்கு இசையக் கலத்தல் வேறு. பத்தலகொடையார் இரண்டாவதையே செய்தனர். 1970இல் ‘பி.ஜி. 11-11’ வந்தது. 1975இல் வந்த ‘பி.ஜி. 90-2’ கடல் கடந்து மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டு வயல்களிலும் விளைந்தது.

அக்குறணையைக் கடந்து ஓடும் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் மகாவலியை அடைகிறது. அம்மகாவலியின் கரையிலேயே, பேராதனைப் பூங்காவுக்கு எதிர்ப்புறம், கன்னொறுவை உள்ளது. 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த களம் அது. இன்று அங்குள்ள பயிர் மரபுவள நிலையத்தின் குளிர் அறைகளில் இலங்கையின் பழைய நெல்லினங்களின் வித்துக்கள் காக்கப்படுகின்றன.