படுக்கைப் புண் ஆபத்தை முன்பே சொல்லும் 20 மதிப்பெண்... யார் இந்த டோரீன் நார்ட்டன்?

வயதானவர்கள் படுத்த படுக்கையாகிட்டா குடும்பத்தின் பெரிய பயம் படுக்கைப் புண்தான். ஒரே பக்கமாகப் படுப்பதால் தோலில் அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் தடைபடுவதே காரணம்.

இந்த ஆபத்தைக் கணிக்க வழி சொன்னவர் பிரிட்டிஷ் நர்ஸ் டோரீன் நார்ட்டன். மருத்துவமனையில் இருந்த முதியோரை ஆராய்ந்து, 1962-ல் தன் குழுவுடன் ஆய்வு முடிவை வெளியிட்டார்.

நார்ட்டன் அளவுகோல் என்றால் என்ன?

உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கை கால் அசைவு, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு என 5 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 மதிப்பெண். 14-க்கு மேல் போகலைன்னா உஷார்!

களிம்பு தடவுறதைவிட, அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பதே முக்கியம் என்றார் நார்ட்டன். பின்னாளில் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் முதியோர் செவிலியத் துறைப் பேராசிரியரானார். நோயாளியின் கட்டிலருகே தொடங்கிய கவனிப்புதான் பின்னர் பாடமானது.