ஸ்லைடு பிடிஎஃப் ஆகும்போது இணைப்புகள் அறுந்துபோகாமல் இருக்க

ஜூரோங் தொழிற்பேட்டையில் காலை வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் காட்டப்படும் ஸ்லைடுகள், பல வேலையிடங்களில் அன்று மாலையே பிடிஎஃப் கோப்பாக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகின்றன. உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஸ்லைடு ஒன்றின் கீழே, "தமிழ் விளக்கத்திற்கு இங்கே தட்டவும்" என்று நீல எழுத்தில் அடிக்கோடிட்ட ஒரு வரி இருக்கும். தங்குவிடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றுமே வராது. நீல நிறம் இருக்கிறது, அடிக்கோடு இருக்கிறது, இணைப்பு மட்டும் இல்லை.

ஸ்லைடைத் தயாரித்தவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். அவருடைய கணினியில் பவர்பாயிண்ட் கோப்பில் அந்த இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. தட்டிப் பார்த்தவரும் சூப்பர்வைசரிடம் போய் முறையிடப் போவதில்லை. கோப்பை மூடிவிட்டுப் படுத்துவிடுவார். ஆங்கிலத்தில் பாதி புரிந்தது பாதியாகவே நின்றுவிடும். துணைப்பாட வகுப்பு ஆசிரியர், சமூக மன்ற இந்தியர் நற்பணிச் செயற்குழுத் தொண்டூழியர், கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரலை அனுப்புபவர் என ஸ்லைடு தயாரிக்கும் எல்லாருக்கும் இதே சிக்கல் உண்டு. வேலையிடத்தில் அதன் விலை கூடுதல், அவ்வளவுதான்.

காரணம் எளிது. ஸ்லைடில் நாம் பார்ப்பது ஒன்று, அதில் தட்டினால் நடப்பது இன்னொன்று. இரண்டும் கோப்புக்குள் தனித்தனியாகப் பதிவாகின்றன. பவர்பாயிண்ட் கோப்பில் எழுத்துகள் ஓரிடத்திலும், அந்த எழுத்து எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு வேறோர் இடத்திலும் இருக்கும். பிடிஎஃப் கோப்பிலும் அப்படியே. பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் ஒட்டப்பட்டு, "இதற்குள் விரல் பட்டால் இந்த முகவரியைத் திற" என்ற கட்டளை அதனுடன் சேர்க்கப்படுகிறது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அந்தச் செவ்வகமும் சேர்ந்து வந்தால் இணைப்பு பிழைக்கும். வராவிட்டால் நீல எழுத்து வெறும் நீல எழுத்துதான்.

அதைக் கொண்டுவராத வழி எது என்றால், பெரும்பாலும் "பிரிண்ட்" என்ற பொத்தான்தான். விண்டோஸ் 10 வந்த காலத்திலிருந்து அச்சுப்பொறிப் பட்டியலிலேயே "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்று ஒன்று இருக்கிறது. வசதியாக இருப்பதால் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அச்சுப்பொறிக்குத் தெரிந்தது மை மட்டுமே. எங்கே கறுப்பு, எங்கே நீலம் என்பதுதான் அதற்கு அனுப்பப்படுகிறது. காகிதத்தைத் தட்டினால் எதுவும் திறக்காது என்பதால், இணைப்பு முகவரியை அனுப்ப வேண்டிய தேவையே அந்தப் பாதையில் இல்லை.

எனவே பவர்பாயிண்டில் "ஃபைல்" பட்டியலுக்குச் சென்று "எக்ஸ்போர்ட்" அல்லது "சேவ் ஆஸ்" வழியாகப் பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கணினியில் இந்த ஒரு மாற்றமே பெரும்பாலான இணைப்புகளைக் காப்பாற்றிவிடும்.

மேக் கணினியில் இன்னொரு பொறி உண்டு. பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது இரண்டு தெரிவுகள் கேட்கப்படும். அச்சிடுவதற்கு ஏற்றது என்பது ஒன்று, மின்வழி அனுப்புவதற்கும் எளிதில் அணுகுவதற்கும் ஏற்றது என்பது மற்றொன்று. இணைப்பு வேண்டுமானால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேவை வழியாக மாற்றித் தருவது. அதாவது உங்கள் கோப்பு வெளியே போய்த் திரும்பி வருகிறது. ஸ்லைடில் ஊழியர்களின் வொர்க் பெர்மிட் எண், புகைப்படம் போன்றவை இருந்தால் முதலில் அவற்றை நீக்கிவிடுவது நல்லது. உண்மையில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் எந்தக் கோப்பிலும் அவை இருக்கக்கூடாது.

கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துவோர் "ஃபைல்", "டவுன்லோட்", பிறகு பிடிஎஃப் என்று போனால் போதும். கட்டணமில்லாத லிப்ரே ஆஃபிசில் "எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்" இருக்கிறது. கேன்வாவிலும் பிடிஎஃப் பதிவிறக்கத்தில் இணைப்புகள் வரும். ஆனால் "ஃபிளாட்டன்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் பக்கம் முழுவதும் ஒரே படமாகி இணைப்புகள் போய்விடும்.

ஸ்லைடுகளை வேர்டு கோப்பாக மாற்றுவது பற்றியும் சிலர் கேட்பதுண்டு. பவர்பாயிண்டிலுள்ள "கிரியேட் ஹேண்டவுட்ஸ்" வசதி ஒவ்வொரு ஸ்லைடையும் சிறு படம்போல வேர்டு பக்கத்தில் வைத்துவிடுகிறது. படத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தட்ட முடியாது. ஒரு பக்கத்துக்கு மூன்று, ஆறு ஸ்லைடு என்று கைப்பிரதி வடிவில் பிடிஎஃப் எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஜேபெக் படமாக அனுப்பினால் கேட்கவே வேண்டாம்.

சரியான பொத்தானை அழுத்திய பிறகும் சில இணைப்புகள் அறுந்துபோகும். அவற்றில் முதலிடம் கணினிக்குள்ளேயே இருக்கும் கோப்புகளுக்குக் கொடுத்த இணைப்புக்கு. அலுவலகக் கணினியின் ஒரு ஃபோல்டரில் இருக்கும் காணொளிக்கு இணைப்பு கொடுத்திருந்தால், அந்த முகவரி அந்தக் கணினிக்கு மட்டுமே பொருள்படும். பெஞ்சுருவில் இருக்கும் ஊழியரின் கைப்பேசியில் அந்த ஃபோல்டர் ஏது? ஸ்லைடுக்குள்ளேயே பதித்த காணொளியும் பிடிஎஃப்பில் அசையாத படமாகத்தான் வரும். காணொளியை இணையத்தில் ஏற்றி, அந்த முகவரியைக் கொடுப்பதே வழி.

அடுத்தது கூகுள் டிரைவ். இங்கே இணைப்பு உயிரோடு இருக்கும், கதவுதான் பூட்டியிருக்கும். தட்டியவருக்கு "அனுமதி கோரவும்" என்ற பக்கம் வரும். சொந்தக் கணக்கில் நுழைந்திருப்பதால் தயாரித்தவருக்கு மட்டும் அது எப்போதும் திறக்கும். இணைப்பை வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று பகிர்வு அமைப்பை மாற்றிய பிறகு, டிரைவ் கணக்கில் நுழையாத வேறொரு கைப்பேசியில் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு ஸ்லைடிலிருந்து இன்னொரு ஸ்லைடுக்குத் தாவும் இணைப்புகளும் உண்டு. பொருளடக்கத்தில் தலைப்பைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போவது போல. தாவ வேண்டிய ஸ்லைடை மறைத்து வைத்திருந்து, மாற்றும்போது மறைத்த ஸ்லைடுகளைச் சேர்க்காமல் விட்டால், போக வேண்டிய பக்கமே கோப்பில் இருக்காது. சுட்டியை மேலே கொண்டுபோனாலே இயங்கும் வேலைகளும், வேறு மென்பொருளைத் திறக்கும் பொத்தான்களும் பிடிஎஃப்பில் இயங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல பொருள்களை ஒன்றாகக் குழுவாக்கி இணைப்பு கொடுத்திருந்தால் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

தமிழில் ஸ்லைடு தயாரிப்போருக்கு மட்டுமான ஒரு தொல்லையும் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைக் கொண்ட இணைய முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அது சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடும். யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரிகிறது. "சிங்கப்பூர்" என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால் 11 குறியீடுகள். முகவரியில் அது 99 எழுத்துகள் ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் முகவரி ஸ்லைடில் மூன்று வரிக்கு ஓடுவது இதனால்தான்.

இந்த நீளம் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. சில பிடிஎஃப் செயலிகள், பக்கத்தில் இணைய முகவரி போலத் தெரியும் எழுத்தைத் தாமாகவே கண்டுபிடித்து இணைப்பாக்கிவிடும். அச்சு வழியாக மாற்றிய கோப்பிலும் சில இணைப்புகள் "வேலை செய்வது" அதனால்தான். ஆனால் முகவரி இரண்டாவது வரிக்கு உடைந்தால், செயலி முதல் வரியை மட்டுமே முகவரி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். தட்டினால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வரும். "இங்கே தட்டவும்" போன்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இணைப்புக்கு இந்தத் தற்செயல் உதவியும் கிடையாது. ஆகவே கோப்பைச் சோதிக்கும்போது முழு முகவரி எழுதிய வரியைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சொல்லுக்குப் பின்னால் மறைத்த ஓர் இணைப்பைத் தட்டிப் பாருங்கள். அது திறந்தால்தான் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

சோதனையைக் கைப்பேசியில் செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் அளவு. பவர்பாயிண்டின் வழக்கமான அகலத்திரை ஸ்லைடு கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர் அகலம். நிமிர்த்திப் பிடித்த கைப்பேசித் திரை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, 18 புள்ளி அளவில் எழுதிய இணைப்பு 4 புள்ளிக்கும் குறைவாகத் தெரியும். நாள் முழுவதும் இரும்பைத் தூக்கிய விரலால் அதைச் சரியாகத் தொடுவது எப்படி? இணைப்பை எழுத்துக்குக் கொடுக்காமல், அகலமான ஒரு வண்ணப் பெட்டிக்குக் கொடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எழுத்துக்குக் கொடுக்கும் இணைப்பு, தேர்ந்தெடுத்த எழுத்துகளுக்கு மட்டுமே பதிவாகிறது. வரியில் ஒரு சொல் தேர்வில் விடுபட்டால் அந்தச் சொல்லைத் தட்டினால் திறக்காது.

வாட்ஸ்அப்பில் கோப்பைத் தட்டியதும் முதலில் வரும் முன்னோட்டத்தில் இணைப்பு இயங்காமல் போகலாம். பிடிஎஃப் செயலியில் முழுமையாகத் திறந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இனி, இணைப்பு வேலை செய்தும் யாரும் தட்டாத நிலை பற்றி. சிங்கப்பூரில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அதன் பிறகு 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல், குறுஞ்செய்திகளிலிருந்து தட்டக்கூடிய இணைப்புகளை நீக்கும்படி வங்கிகளுக்கு அறிவித்தன. தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று மூத்தோருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் தொடர்ந்து சொல்லி வருகிறோம். அப்படிச் சொல்லிவிட்டு, முகவரியே தெரியாத "இங்கே தட்டவும்" என்ற பொத்தானை நாமே அனுப்புவது முறையல்ல. கணினியில் சுட்டியை மேலே வைத்தால் முகவரி தெரியும். கைப்பேசியில் அந்த வசதி இல்லை.

எனவே பெட்டிக்கு இணைப்பு கொடுத்துவிட்டு, அதன் கீழேயே அது எந்தத் தளம் என்பதையும் எழுதிவிடுங்கள். மனிதவள அமைச்சின் பக்கம் என்றால் அமைச்சின் பெயரும் தளத்தின் முதன்மை முகவரியும் கண்ணில் படட்டும். மாற்றத்தில் இணைப்பு செத்தாலும் தட்டச்சு செய்து போக வழி இருக்கும். முகவரி தமிழில் நீளமாக இருந்தால், "தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தத் தலைப்பைத் தேடவும்" என்று எழுதினாலே போதும்.

நீளத்தைக் குறைக்கச் சுருக்க முகவரிச் சேவைகளைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எங்கே போகின்றன என்பதை மறைக்கின்றன. சேவை நின்றால் கூடவே நிற்கின்றன. கூகுளின் சுருக்கச் சேவை 2019ல் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில், நீண்ட நாளாக யாரும் பயன்படுத்தாத பழைய சுருக்கங்களையும் செயலிழக்கச் செய்தது. கியூஆர் குறியீடு எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் படமாகத் தப்பிப் பிழைக்கும். சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கும் திரையில் காட்டும் ஸ்லைடுக்கும் அது நல்ல துணை. ஆனால் கைப்பேசியில் பார்க்கும் கோப்பை அதே கைப்பேசியின் கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது. எனவே கோப்பில் இணைப்பும் இருக்கட்டும், குறியீடும் இருக்கட்டும்.

சில கோப்புகளில் மாற்றத்தில் எந்தக் குறையும் இருக்காது, போக வேண்டிய பக்கம்தான் போயிருக்கும். ஓராண்டுக்கு முந்தைய ஸ்லைடை மீண்டும் அனுப்புமுன் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். காணாமற்போன சிங்கப்பூர்த் தளங்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் தேடலாம். எஸ்ஜி என்று முடியும் தளங்களை உரிமையாளரின் தனி அனுமதியின்றிச் சேகரிக்க 2019 முதல் வாரியத்துக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. அதற்கு முன்பே மூடப்பட்ட தளங்களுக்கு, அமெரிக்காவிலிருந்து இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் உதவக்கூடும்.

மூலக் கோப்பு தொலைந்து, இணைப்பு செத்த பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால்? அக்ரோபாட்டின் கட்டணப் பதிப்பில், பக்கத்தில் எழுதியிருக்கும் முகவரிகளை எல்லாம் ஒரே கட்டளையில் இணைப்பாக்கும் வசதி உண்டு. சொல்லுக்குப் பின்னால் மறைந்திருந்த முகவரிகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனென்றால் அவை அந்தக் கோப்புக்குள் வந்து சேரவே இல்லை. தயாரித்தவரைக் கேட்டு, மூல ஸ்லைடை வாங்கி, "எக்ஸ்போர்ட்" வழியாக மறுபடி மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.