அனுமதிக்கும் பழக்கத்துக்கும் நடுவே: கூடைப்பந்தில் கார்டு ஆட்டக்காரர்களின் வளர்ச்சி

கூடைப்பந்தின் தலைசிறந்த கார்டுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வம்சாவளிப் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. 1950-களுக்கு பாப் கூஸி, அடுத்த பத்தாண்டுக்கு ஆஸ்கர் ராபர்ட்சனும் ஜெரி வெஸ்டும், 1980-களுக்கு மேஜிக் ஜான்சன், 1990-களுக்கு மைக்கேல் ஜோர்டன், நம் காலத்துக்கு ஸ்டெஃபன் கர்ரி. பத்தாண்டுக்கு ஒரு மேதை வந்தார், ஆட்டத்தை மாற்றினார் என்று கதை முடிந்துவிடும். இதற்கு எதிர்நிலையில் நிற்போர், ஆட்டத்தை மாற்றியவை விதிகளே, ஆட்டக்காரர்கள் அவற்றின் விளைவுகளே என்பார்கள். இரண்டு விளக்கங்களும் போதாதவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. கட்டாயப்படுத்தும் விதி ஒரே பருவத்தில் ஆட்டத்தைப் புரட்டிவிடுகிறது. அனுமதி மட்டும் தரும் விதியோ ஒரு தலைமுறை, சில சமயம் அதற்கும் மேல், தொடுவாரின்றிக் கிடக்கிறது. அந்தக் காத்திருப்பு ஏன் நீள்கிறது, எவரிடத்தில் முடிகிறது என்று கேட்டால்தான் பெரிய கார்டுகளின் பெருமை எதில் இருக்கிறது என்பது விளங்கும்.

1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளின்படி, பந்தைப் பிடித்தவர் ஓடக்கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். அன்று பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள். அவர்களில் கார்டுகளாக நின்ற மூவரின் வேலை தங்கள் கூடையைக் காப்பது. காவலுக்கு நிறுத்தப்பட்டவரே தாக்குதலின் சூத்திரதாரியாக மாறியது தானாக நடந்ததல்ல.

கட்டாய விதிக்குத் தெளிவான சான்று, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 1954இல் வந்த 24 நொடிக் கடிகாரம்: பந்தைப் பெற்ற அணி அந்த நேரத்துக்குள் ஷாட் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஓர் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது அப்படித்தான். கூஸியின் புகழ்பெற்ற ஆட்டமும் அந்த உலகத்தைச் சேர்ந்தது. 1953 மார்ச் 21 அன்று சிரக்யூஸுக்கு எதிராக, நான்கு கூடுதல் நேரங்கள் நீண்ட ஆட்டத்தில் அவர் 50 புள்ளி எடுத்தார். அவற்றில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. பந்தை அவரிடமிருந்து பறிக்க ஃபவுல் செய்வதைத் தவிர எதிரணிக்கு வேறு வழியில்லை என்பதைத்தான் அந்த எண்ணிக்கை சொல்கிறது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டானி பயசோன் எளிய கணக்கொன்று போட்டார். விறுவிறுப்பான ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட்டுகள் எடுக்கின்றன, 48 நிமிடம் என்பது 2,880 நொடி, வகுத்தால் 24. விதி வந்த பருவத்திலேயே ஓர் அணியின் சராசரிப் புள்ளி 79.5இலிருந்து 93.1 ஆக உயர்ந்தது.

கூஸியின் கைத்திறன் கடிகாரத்தால் பிறந்ததல்ல. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் அசிஸ்டில் அவரே முதலிடம். அவற்றையும் சேர்த்துத் தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அந்த இடம் அவருடையதாக இருந்தது. ஆனால் நேரத்தைக் கொல்லப் பயன்பட்ட அதே கை, இப்போது நேரத்துக்குள் வழி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. எந்தப் பயிற்சியாளரும் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. கடிகாரம் அதற்கு இடம் தரவில்லை.

தடை நீங்கினால் என்ன நடக்கும் என்பதைக் காண அயோவா மாநிலத்துப் பள்ளி மாணவியரின் ஆட்டம் அரிய வாய்ப்புத் தருகிறது. கூடைப்பந்து வரலாற்றாசிரியர்கள் இதைக் கார்டுகளின் வரலாற்றோடு சேர்த்துப் பேசுவது குறைவு. பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே பக்கத்துக்கு ஆறு பேர்: மூன்று ஃபார்வர்டு, மூன்று கார்டு. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக்கூடாது. ஷாட் எடுக்கும் உரிமை ஃபார்வர்டுகளுக்கு மட்டுமே. பள்ளிக் காலம் முழுவதும் கார்டாக ஆடிய ஒரு பெண், போட்டியில் ஒரு முறைகூடக் கூடையை நோக்கிப் பந்து எறியாமலே பள்ளியை விட்டு வெளியேறினாள். 1993இல்தான் இந்த முறை முற்றாகக் கைவிடப்பட்டது. 2002இல் அதே மாநிலத்தில் பிறந்த கெய்ட்லின் கிளார்க், அயோவா பல்கலைக்கழகத்தின் கார்டாக, 2024 மார்ச் 3 அன்று கல்லூரி ஆட்டத்தில் பீட் மரவிச் நிறுவியிருந்த 3,667 புள்ளிச் சாதனையைத் தாண்டினார். கல்லூரிக் காலத்தை 3,951 புள்ளிகளோடு முடித்தார். மரவிச் ஆடியது மூன்று பருவம். அன்று மூன்று புள்ளிக் கோடும் இல்லை. ஆகவே இரு எண்களையும் எடைபோட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வேறு மாநிலங்களில் சிறந்த பெண் கார்டுகள் கிளார்க்குக்கு முன்பே இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் கோட்டுக்கு வெகு வெளியிலிருந்து ஷாட் எடுத்துப் புகழ்பெற்ற ஒரு கார்டு, கார்டுகள் ஷாட் எடுக்கவே கூடாது என்றிருந்த மண்ணிலிருந்து, தடை நீங்கிய 31 ஆண்டில் வந்திருக்கிறார். முந்தைய தலைமுறைப் பெண்களுக்குத் திறன் இல்லாமல் போகவில்லை. அந்தத் திறன் என்னவாகியிருக்கும் என்று அறியும் வாய்ப்பை அந்த விதி அவர்களிடமிருந்து பறித்தது. அதை விளையாட்டின் சுவையான பழங்கதையாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

எழுதப்படாத தடைகளும் உண்டு. இண்டியானாபொலிஸ் நகரின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் கறுப்பின மாணவர்களுக்கென்றே நடத்தப்பட்ட பள்ளி. 1955இல் ராபர்ட்சன் ஆடிய அதன் அணி மாநிலப் பட்டத்தை வென்றபோது, வழக்கமாக நகர மையத்தில் நடக்கும் கொண்டாட்டம் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிக்குத் திருப்பிவிடப்பட்டது. அதே ராபர்ட்சன் 1961-62 பருவத்தில் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்டு, 11.4 அசிஸ்ட் எடுத்தார். அன்று ஓர் அணி ஆட்டத்துக்கு 100க்கும் மேற்பட்ட ஷாட்டுகள் எடுத்ததால் தவறும் பந்துகளும் அதிகம், ரீபவுண்டும் அதிகம் என்பதைக் கணக்கில் கொண்டாலும், 6 அடி 5 அங்குல உயரமுள்ள ஒருவர் பந்தை மேலே கொண்டுவந்து அதே ஆட்டத்தில் கூடைக்கடியிலும் போராடினார் என்பதே புதுமை. உயரமானவர் கூடைக்கடியில்தான் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை; பயிற்சியாளர்களின் பழக்கம் சொன்னது. 6 அடி 9 அங்குல மேஜிக் ஜான்சன் 1979இல் லேக்கர்ஸுக்கு வந்தபோதுதான் அந்தப் பழக்கம் வேரோடு ஆடியது. 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், காயமுற்ற கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பதிலாக சென்டர் இடத்தில் தொடங்கி, 42 புள்ளியும் 15 ரீபவுண்டும் 7 அசிஸ்டும் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 20. உயரமானவர் கார்டாக ஆட 1950-களிலும் விதியில் எந்தத் தடையும் இருந்ததில்லை. உயரமான சிறுவனின் கையில் பந்தை விட்டுவைக்கப் பயிற்சியாளர்கள் துணியவில்லை.

ஜோர்டனை இந்த வரிசையில் எங்கே வைப்பது? தடுப்பவர் கையால் உரசித் தள்ள அனுமதித்த காலத்தில் அவர் ஆடினார், ஆகவே விதிகளை மீறி எழுந்தவர் என்பது பரவலான கருத்து. பாதி உண்மை. அதே காலத்தில் மண்டலத் தடுப்பு தடை செய்யப்பட்டிருந்தது. பந்தில்லாத ஆட்டக்காரரை விட்டுவிட்டு நடுவில் வந்து நிற்க எதிரணியால் முடியாது. ஒரு பக்கத்தைக் காலி செய்து, ஒருவனை ஒருவன் எதிர்கொள்ளும் ஆட்டம் அந்தத் தடையின் நிழலில்தான் செழித்தது. 1986-87இல் அவர் எடுத்த 37.1 சராசரிக்கும், 1988இல் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் சேர்த்து வென்றதற்கும் அவருடைய காலடித் துல்லியம் காரணம். அந்தத் துல்லியம் வேலை செய்ய வெற்றிடம் கொடுத்தது விதி.

2001இல் மண்டலத் தடுப்புக்கான தடை நீங்கியது. 2003-04இல் சராசரிப் புள்ளி 93.4க்கு இறங்கியிருந்தது. அடுத்த பருவத்தில் கையால் தடுப்பதன் மீதான கட்டுப்பாடு இறுக்கப்பட்டது. இது கட்டாய வகை. விளைவு உடனே தெரிந்தது. அதே கோடையில் ஸ்டீவ் நாஷ் டல்லாஸை விட்டு ஃபீனிக்ஸுக்குச் சென்றார். முந்தைய பருவத்தில் 29 ஆட்டங்களே வென்ற அணி, பயிற்சியாளர் மைக் டான்டோனியின் வேகத் திட்டத்தில் 62 வென்றது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தன் விருப்பப்படி அணி மாறும் உரிமை, ராபர்ட்சன் 1970இல் தொடுத்து 1976இல் உடன்பாட்டில் முடிந்த வழக்கின் வழியாகவே மெல்லத் திறந்தது. ராபர்ட்சனின் ஆட்ட எண்களைவிட, பின்வந்த கார்டுகளுக்கு அதிகம் பயன்பட்டது அந்த வழக்குதான் என்பது என் மதிப்பீடு.

இனி, என் வாதத்தின் மையம்: மூன்று புள்ளிக் கோடு. என்.பி.ஏ. அதை 1979-80இல் ஏற்றது. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு 2.8 முறைதான் முயன்றது. 28 விழுக்காடே விழுந்தது. ஒரு முயற்சியின் மதிப்பு 0.84 புள்ளி. கோட்டுக்கு உள்ளே எடுத்த ஷாட்டின் மதிப்போ 1ஐ ஒட்டியிருந்தது. ஆகவே அன்றைய பயிற்சியாளர்களை மடமைக்காரர்கள் என்று சொல்வது நியாயமன்று. யாரும் பயிலாததால் மதிப்பில்லை, மதிப்பில்லாததால் யாரும் பயிலவில்லை. 1990-களின் இறுதிக்குள் இந்தச் சுழல் உடைந்துவிட்டது. துல்லியம் 35 விழுக்காட்டை ஒட்டி வந்து, முயற்சியின் மதிப்பு 1.05ஐ நெருங்கியது. கூடைக்கருகில் எடுக்கும் ஷாட்டில் ஃபவுல் கிடைக்கும் வாய்ப்பைச் சேர்த்தாலும், நடுத்தொலைவு ஷாட்டுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்கு காட்டியது. ஆனால் 1999-2000இல் ஓர் அணியின் முயற்சி 14ஐக்கூட எட்டவில்லை. 2018-19இல்தான் அது 32. கணக்கு மாறியும் கை மாறாத அந்த இருபதாண்டுக்கு விளக்கம் வேண்டும்.

ஸ்டீவ் கெர் என்ற ஒருவரை நெருங்கிப் பார்த்தால் விளக்கம் கிடைக்கிறது. என்.பி.ஏ.யில் 910 ஆட்டங்கள் ஆடிய கார்டு; மூன்று புள்ளி ஷாட்டில் அவருடைய வாழ்நாள் துல்லியம் 45.4 விழுக்காடு, லீக் வரலாற்றிலேயே மிக உயர்ந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் 1.36 புள்ளி. இத்தகைய ஷாட்டை அவர் ஆட்டத்துக்கு இரண்டு முறைகூட எடுக்கவில்லை: மொத்தம் 1,599 முயற்சிகள். 2015-16இல் கர்ரி 886 முயற்சிகளில் 402ஐப் போட்டார். துல்லியம் அதே 45.4, ஆட்டத்துக்கு 11க்கும் மேற்பட்ட முயற்சி. கெர் களத்தில் நின்ற நேரம் கர்ரியின் நேரத்தில் பாதியளவுதான். நிமிடக் கணக்கில் பார்த்தாலும் வேறுபாடு மூன்று மடங்கு. கெர் காலத்தில் மூன்று புள்ளி ஷாட் என்பது ஜோர்டனை இருவர் சூழும்போது மூலையில் தனித்து நிற்பவருக்கு வந்துசேரும் மிச்சம். பந்தைக் கையாள்பவர் தானே தட்டிக்கொண்டு வந்து அந்தத் தொலைவிலிருந்து எடுத்தால் அது ஒழுங்கின்மை எனப்பட்டது. 42.8 விழுக்காட்டுத் துல்லியமுள்ள நாஷ்கூட ஆட்டத்துக்கு மூன்றைச் சற்றே தாண்டித்தான் முயன்றார். பாஸ் கொடுப்பவர் முதலில் பாஸைத் தேட வேண்டும் என்ற நெறி, கணக்கைவிட வலிமையாக இருந்தது.

கர்ரியின் ஆட்டத்தில் நடப்பது இது. கூடையிலிருந்து 30 அடி தொலைவில் சக ஆட்டக்காரர் ஸ்கிரீன் போடுகிறார். கர்ரியைக் காப்பவர் அதில் சிக்குகிறார். எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் பின்னால் நின்றால் ஷாட் விழுகிறது. முன்னால் பாய்ந்தால் பந்து ஸ்கிரீன் போட்டவரிடம் போகிறது, அங்கே நால்வர் மூவரை எதிர்த்து ஆடுகிறார்கள். கர்ரி பந்தைத் தொடாமல் ஓரமாக ஓடினாலும் இருவரின் கண்கள் அவரோடு போகின்றன. கூஸி பாஸால் உண்டாக்கிய இடத்தை இவர் ஷாட் எடுக்கக்கூடும் என்ற அச்சத்தாலேயே உண்டாக்குகிறார். 2014இல் அவருக்குப் பயிற்சியாளராக வந்தவர் அதே ஸ்டீவ் கெர். தான் ஆடிய நாளில் தனக்குக் கிடைக்காத உரிமையை அவர் கர்ரிக்குத் தடையின்றிக் கொடுத்தார். மேதை மட்டும் போதாது, அவரை நம்பி விட்டுவிடும் ஒருவரும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

என் பாகுபாட்டுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. 1997 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில், 6 அடி உயரமே உள்ள ஆலன் ஐவர்சன், பந்தை இடமிருந்து வலமாக வெட்டி ஜோர்டனைத் தாண்டினார். அவர் காலத்து ஆட்டக்காரர்களின் கை பந்தின் பக்கவாட்டில், சில சமயம் அடியிலும் போனது. பழைய நடுவர் ஒருவர் அதைப் பந்தைச் சுமத்தல் என்று நிறுத்தியிருப்பார். பந்தைத் திரட்டும் கணத்தில் கிடைக்கும் கூடுதல் அடியும் அப்படியே: களத்தில் பரவி வேரூன்றிய பின்னரே 2019இல் என்.பி.ஏ. விதிப்புத்தகம் அதைத் தெளிவாக வரையறுத்தது. இங்கே பழக்கம் முந்தியது, விதி பின்தொடர்ந்தது. கார்டுகளின் கை நுட்பத்தில் விதி எழுதுவோரைவிட ஆட்டக்காரரே பெரும்பாலும் முன்னே போயிருக்கிறார்கள் என்று இதிலிருந்து கருதுகிறேன். இடத்தைக் கையாள்வதில் நிலைமை நேர்மாறு.

இந்த வரலாற்றை மேலே தொடர விரும்பும் ஆய்வாளருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் காத்திருக்கிறது. 2024-25இல் சராசரியாக 29.6 புள்ளியும் 12.7 ரீபவுண்டும் 10.2 அசிஸ்டும் எடுத்த நிகோலா யோகிச் ஒரு சென்டர். அவர் அணியில் தாக்குதலை நடத்துபவர் அவரே. 2023-24 முதல் என்.பி.ஏ. தன் ஆண்டுச் சிறப்பு அணியைக் கார்டு, ஃபார்வர்டு, சென்டர் என்ற பிரிவின்றித் தேர்ந்தெடுக்கிறது. எனவே இனிக் கார்டுகளை அணிப்பட்டியலைப் பார்த்து எண்ணக்கூடாது. நடுக்கோட்டைத் தாண்டியபின் முதல் முடிவை எடுப்பவர் யார் என்று ஆட்டப் பதிவுகளைப் பார்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் யோகிச்சும் இந்த வரிசையில் வருவார். தன் அணியில் பந்தைத் தொடவே காத்திருக்க வேண்டிய, பட்டியலில் மட்டும் கார்டாக இருக்கும் பலர் வெளியே போவார்கள்.