ஷாமி: பெயர் ஆட்டினுடையது, துணி யாருடையது?

கார் உதிரிபாகக் கடையில் போய் "ஷாமி குடுங்க" என்று கேட்டால், பிளாஸ்டிக் டப்பாவில் சுருட்டி வைத்த ரப்பர் மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அது தோலும் இல்லை, நெய்த துணியும் இல்லை. ஆனால் பெயர் மட்டும் ஒரு ஆட்டினுடையது. இந்தப் பெயருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனாலே, கழுவின காரை எதால் துடைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

ஷாம்வா என்பது பிரெஞ்சுச் சொல். ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்பேத்தியன் மலைகளில் பாறைக்குப் பாறை தாவும் ஆட்டினம். நம்ம நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். இதன் தோலை எண்ணெயில் பதனிட்டால் துணி போல மெத்தென்று ஆகும். மேற்கு பிரான்சில் நியோர் என்ற ஊர் இந்தத் தொழிலுக்கே பேர்போனது.

கார் வந்த காலத்தில் ஷாமி என்று விற்றது பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோல்தான். தோலை இரண்டு அடுக்காகப் பிளந்து, வழவழப்பான மேலடுக்கை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, உள்ளடுக்கில் காட் மீன் எண்ணெயை ஏற்றுவார்கள். எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோலின் நாரோடு பிணைந்துகொள்ளும். நார்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் தண்ணீரைக் குடிக்கிறது. பிழிந்தால் விட்டுவிடும், மறுபடி குடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் பெட்ரோலில் நனைத்துவிட்டால் இதே தோல் பெட்ரோலை மட்டும் உள்ளே விட்டு, தண்ணீரைத் தடுத்துவிடும். அந்தக் கால விமானிகள் டேங்க் நிரப்பும்போது புனலில் ஷாமித் தோல் போட்டு வடிகட்டியது இதனால்தான்.

அடுத்து வந்தது பாலிவினைல் ஆல்கஹால். 1924-ல் ஜெர்மனியில் ஹெர்மன், ஹேனல் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய பொருள். இதைப் பஞ்சு போல நுண்துளைகளோடு செய்தால் தோல் மாதிரியே தண்ணீர் குடிக்கும், விலையும் குறைவு. கடைக்காரர் டப்பாவிலிருந்து எடுத்துத் தருவது இதைத்தான். இந்தோனேசியாவில் இதற்குப் பெயரே 'கனேபோ'. அது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். அங்கே பொதுப்பெயராகவே ஆகிவிட்டது.

அப்புறம் ஏன் மாற்றம் வந்தது? காரணம் துணியில் இல்லை, பெயின்ட்டில் இருக்கு. 1980-கள் தொடங்கி நிற அடுக்குக்கு மேல் 'கிளியர் கோட்' என்ற ஒளிபுகும் பூச்சு பரவலானது. ஒரு தலைமுடித் தடிமன்கூட வராத இந்தப் பூச்சில் மெல்லிய கீறல் விழுந்தாலும் வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும். தோலும் சரி, பிளாஸ்டிக் ஷாமியும் சரி, மேற்பரப்பு தட்டையானது. கழுவியும் போகாத ஒரு மணல் துகள் சிக்கினால் அதற்கு ஒதுங்க இடமில்லை. இழுக்க இழுக்கக் கோடு போட்டுக்கொண்டே வரும்.

இந்த இடத்தில்தான் மைக்ரோஃபைபர் ஜெயித்தது. 9000 மீட்டர் நூல் ஒரு கிராம்கூட எடையில்லாத அளவுக்கு மெல்லிய இழை. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ இப்படிப்பட்ட இழையை வைத்து 'அல்ட்ராஸ்வேட்' என்ற பொருளைச் செய்தார். அது என்ன தெரியுமா? செயற்கைத் தோல்! தோலைப் போலச் செய்யப் புறப்பட்ட இழையின் குடும்பம்தான், கடைசியில் கார் மேலிருந்து தோலையே இறக்கிவிட்டது. துடைக்கும் துண்டுகளில் பாலியெஸ்டரையும் நைலானையும் சேர்த்து இழுத்த நூலை, ஆரஞ்சுச் சுளை போலப் பிளந்திருப்பார்கள். சுளைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறும். துண்டின் நீளமான மயிர்களுக்குள் மணல் துகள் அமுங்கிவிடும்.

அதனால் இன்றைய பெயின்ட்டுக்கு என் தேர்வு, முறுக்கிய நீள மயிர் உள்ள மைக்ரோஃபைபர் துண்டு. கண்ணாடிக்கு மட்டும் பழைய ஷாமியே போதும். கண்ணாடி அவ்வளவு லேசில் கீறாது.

தானாகக் காயட்டும் என்று விட்டுவிடலாமே என்றால், போர்வெல் தண்ணீரில் அது நடக்காது. தண்ணீர் ஆவியானாலும் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும். கடைசியாக ஒரு தடவை குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாக வழியவிடுங்கள்; பாதித் தண்ணீர் தானே இறங்கிவிடும். மீதிக்குத் துண்டை லேசாக ஈரமாக்கி, விரித்துப் போட்டு, அழுத்தாமல் இழுத்தால் போதும். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு போடாதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கிகளும் வேண்டாம்; இழை மேல் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. துண்டு தரையில் விழுந்துவிட்டால், துவைக்கிற வரைக்கும் அதை மறுபடி கார் பக்கம் கொண்டு போகாதீர்கள்.