உழைத்த நிலமும் உரிமை நிலமும்

பேராக் மாநிலத்தின் அரச நகராகிய கோலகங்சாரில், மாவட்ட நில அலுவலகத்தின் அருகே முதிர்ந்த ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சியது அதுவெனக் கருதப்படுகிறது. அடுத்த அரை நூற்றாண்டிற்குள் பேராக்கின் காடுகள் பல ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ஐரோப்பியரின் தோட்டங்களில் காடழித்துக் கன்று நட்டுப் பால் வெட்டியோருள் மிகுதியானோர் தமிழர். ஆயினும், அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர் நில அலுவலகப் பதிவேடுகளில் ஏறவேயில்லை.

வேளாண்மைக் கொள்கை பற்றிய கருத்தரங்குகளில் அடிக்கடி எழும் குறை ஒன்றுண்டு. இன்றைய இளைஞர் சேற்றில் கால் வைக்கத் தயங்குகின்றனர் என்பதே அது. தோட்டப் பாட்டாளிகளின் வழிவந்த இளைஞரைப் பொறுத்தவரை இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதைப் பேராக்கின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

தமிழருக்கு உழவு தெரியாது என்று எவரும் கூற இயலாது. பேராக்கின் வடமேற்கிலுள்ள கிரியான் வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே தமிழ்க் குடும்பங்கள் பகான் செராயில் குடியமர்ந்து பயிர்த்தொழில் செய்தன. 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் அவ்வட்டாரத்தை நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாக்கியது. தோட்டங்களிலும் உழவு முற்றாக மறையவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என விதித்தது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. லயத்தின் பின்புறத்தில் கத்தரியும் வெண்டையும் முருங்கையும் வளர்ந்தன. மாட்டுக் கொட்டகைகள் எழுந்தன. 1941 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானியர் ஆட்சியில் ரப்பருக்குச் சந்தையில்லாது போகவே, தோட்ட மக்கள் மரவள்ளி பயிரிட்டு உயிர் காத்தனர்.

எனினும் அந்தச் சிறு நிலம் தொழிலாளிக்கு உரியதன்று, வேலைக்கு உரியது. வேலை போனால் வீடும் போயிற்று. வீட்டோடு கொல்லையும் போயிற்று. பெரட்டில் பெயர் அழைக்கப்படும் வரையில்தான் முருங்கை மரமும் அவனுடையது. தந்தை பண்படுத்திய மண்ணை மகனுக்கு விட்டுச் செல்லும் வழக்கம் தோட்டத்தில் வேரூன்றாமைக்கு இதுவே காரணம். உழவு கைத்திறனால் மட்டும் நிலைப்பதன்று. வழிவழி வரும் உரிமையாலும் நிலைப்பது.

இந்த உண்மை 1950ஆம் ஆண்டுகளில் வெளிப்படையாயிற்று. விடுதலை நெருங்கிய காலத்திலும், 1957இல் விடுதலை பெற்ற பின்னரும், அயல்நாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்று ஆதாயம் கண்டனர். 'தோட்டத் துண்டாடல்' என்னும் சொல் மலேசியத் தமிழரிடையே அச்சந்தரும் சொல்லாக மாறியது. துண்டுகளை வாங்கிய புதிய உரிமையாளர்க்கு லயங்களையோ ஆயாக் கொட்டகையையோ மருந்தகத்தையோ நடத்த வேண்டிய தேவை இல்லை. ஒப்பந்த வேலையாட்களே அவர்க்குப் போதும். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடல்களைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து விரிவான அறிக்கை வெளியிட்டார். ஆயினும், அறிக்கை வெளிவருமுன்னரே பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறிவிட்டன.

அவ்வேளையில் பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மறுமொழி பிறந்தது. 1919இல் அவ்வூரில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் தாமும் ரப்பர்த் தோட்ட உரிமையாளர் குடும்பத்தினர் என்பது கருதத்தக்கது. ஒரு பங்கு 100 வெள்ளி. நாட்கூலி பெறும் பாட்டாளிக்கு அது பெருந்தொகை. ஆகையால் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்த வழி செய்யப்பட்டது. தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் மக்களிடம் பேசினார். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம். விற்பனைக்கு வந்த நிலத்தை அதில் உழைத்தோரின் சேமிப்பே வாங்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

இம்முயற்சியின் பெருமையைப் போற்றும்போதே அதன் எல்லையையும் உணர்தல் நேர்மையாகும். சங்கம் தோட்டங்களைத் துண்டாடாமல் காப்பதற்கே தோன்றியது. எனவே உறுப்பினருக்குப் பங்குச் சான்றிதழ் கிடைத்தது. தனி நிலம் கிடைக்கவில்லை. வேலையும் வீடும் காக்கப்பட்டன. ஆனால் தொழிலாளியின் மகன் உழவனாகவில்லை. அதே காலத்தில் 1956இல் அமைக்கப்பட்ட பெல்டா நிறுவனம், நிலமற்றோரைக் குடியேற்றி ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏறத்தாழ 10 ஏக்கர் வழங்கியது. பேராக்கின் திரோலாக், சுங்கை கிளா முதலிய இடங்களிலும் அத்திட்டங்கள் எழுந்தன. அவற்றில் இடம்பெற்ற தமிழர் மிகச் சிலரே. குடியுரிமை பெறாத தோட்ட மக்கள் பலர், 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வேலை அனுமதிக்கே அலைந்த காலம் அது. நிலத்திற்கு மனுச் செய்யும் நிலையில் அவர்கள் இல்லை.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு வேலையாட்கள் குறைவாகவே தேவைப்பட்டனர். தோட்ட நிலங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. இளைஞர் ஈப்போ நகரை நாடினர். 1985இல் ஈயச் சந்தை சரிந்தபோது அந்நகரும் அவர்களைத் தாங்கும் வலிமையை இழந்தது.

கொள்கைகளுக்குக் குறைவில்லை. 1974இல் பச்சைப் புத்தகத் திட்டம் வெறும் நிலங்களில் பயிரிட மக்களை ஊக்குவித்தது. 1984இல் முதலாவது தேசிய வேளாண்மைக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதன் வழியில் பிற கொள்கைகளும் வந்தன. 18 முதல் 40 வயது வரையுள்ள இளம் வேளாண் தொழில்முனைவர்க்கெனத் தனித் திட்டமும் உண்டு. பயிற்சி, கடன், சந்தை வாய்ப்பு யாவும் கருத்தரங்குகளில் எடுத்துரைக்கப்படுகின்றன. இவை அனைத்தும் இளைஞனின் கையில் நிலம் இருப்பதாகக் கொண்டே தொடங்குகின்றன.

நிலமில்லாதவனுக்குத் திறந்திருக்கும் வழி பெரும்பாலும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமே. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய நிலங்களில் காய்கறி பயிரிட்டோர் பலர் இதனையே நம்பினர். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி அவ்வுரிமம் ஆண்டிறுதியோடு முடிவுறும். மீண்டும் புதுப்பிக்க வேண்டும். அதனைப் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிவடையும். செம்பனை காய்க்க மூன்று ஆண்டுகள் வேண்டும். ரப்பர் மரத்தில் கத்தி வைக்க ஆறு ஆண்டுகள் வேண்டும். ஓராண்டு உரிமத்தை நம்பி மரப்பயிர் நடுபவன் யார்? தந்தையோடு முடிந்துபோகும் உரிமத்தை நம்பி மகன் வேளாண்மை கற்பது எங்ஙனம்? லயத்துக் கொல்லையின் நிலையற்ற தன்மை இங்கு வேறு பெயரில் தொடர்வதைக் காணலாம்.

ஆதலால் இளைஞரின் தயக்கத்தைச் சோம்பல் எனக் கொள்வது வரலாறு அறியாமையாகும். நீண்டகாலக் குத்தகை நிலம், இளைஞர் கூட்டுறவு, கூட்டுறவுத் தோட்டங்களில் ஒரு பகுதியை உறுப்பினரின் பிள்ளைகளுக்குப் பயிரிட ஒதுக்குதல் ஆகியவை கருத்தரங்குகளின் முதற்பொருளாதல் வேண்டும். மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இவை எட்டாக் கனியல்ல.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவைக் கற்பிக்கும்போது, சொற்பொருளோடு நில்லாமல், மாணவரின் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் உழைத்தார், அந்நிலம் எவர் பெயரில் இருந்தது, இன்று எவ்வாறு உள்ளது என ஆராயச் செய்யலாம். அவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் நில அலுவலகம் செல்லும் வழியையும் அறிந்துகொள்வான். அவனுடைய பாட்டனாருக்கு அவ்வழியை எவரும் காட்டவில்லை.