காட்டுத் தக்காளி தந்த கொடை

தக்காளி சேராத கறியும் சொதியும் இன்று நம் அடுக்களைகளில் அரியனவாகிவிட்டன. ஆயினும் அது இம்மண்ணிற் பிறந்த செடி அன்று. நம் வேலியோரங்களில் தானே முளைக்கும் மணத்தக்காளி அதன் சாதியைச் சேர்ந்ததே எனினும், நாம் சந்தையில் வாங்கும் தக்காளியின் நெருங்கிய சுற்றத்தார் தென்னமெரிக்காவின் மேற்குப் புறத்தே, அந்தீசு மலைச்சாரல்களிலும் அதனையடுத்த வறண்ட கடற்கரையிலும் வாழ்கின்றனர். அவ்வாறான காட்டினங்கள் ஏறக்குறையப் பன்னிரண்டு உள. அவற்றுட் பல, மயிர் அடர்ந்த சிறு பச்சைக் காய்களைக் காய்ப்பன. சந்தைக்குக் கொண்டு சென்றால் எவரும் அவற்றை விலை கேளார். அவ்வாறு ஒதுக்கப்பட்ட செடிகளே பயிர்த் தக்காளியை நோயினின்றும் பூச்சியினின்றும் காத்தன என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருக்கும் வரலாறு.

காப்பு ஏன் வேண்டியதாயிற்று? 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியர் தக்காளியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். கடல் கடந்து சென்றது முழுக் குலமும் அன்று, சில விதைகளே. பின்னர்த் தோட்டக்காரர் பருமனையும் நிறத்தையும் சுவையையும் நாடித் தெரிந்தெடுத்தனர். தெரிவு நடந்த ஒவ்வொரு முறையும் குலத்தின் பழஞ்செல்வம் சிறிது சிறிதாகக் கைநழுவிற்று. கனி பெருத்தது; செடியோ எதிர்ப்புச் சக்தி குன்றியது.

இக்குறை வெளிப்படக் காலம் அதிகம் செல்லவில்லை. மண்ணில் வாழும் பியூசேரியம் என்னும் பங்கசு வேர் வழியே புகுந்து நீர் செல்லும் குழாய்களை அடைக்க, பச்சைச் செடி நின்றவாறே வாடி மடிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாடல் நோய் கமக்காரரைப் பெரிதும் வருத்திற்று. மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போன், றக்கர் என்னும் இருவர், பெரூ நாட்டின் சிறுகனிக் காட்டுத் தக்காளி ஒன்று இந்நோய்க்கு ஆளாகாமையைக் கண்டு 1939இல் வெளியிட்டனர். அவ்வினம் பயிர்த் தக்காளியோடு எளிதிற் கலக்கும் இயல்புடையது. எனவே 1941 அளவில் ‘பான் அமெரிக்கா’ என்னும் எதிர்ப்பு வருக்கம் கமக்காரர் கைக்கு வந்தது.

ஆனால் எல்லாக் காட்டினங்களும் இவ்வாறு இணங்குவன அல்ல. வேர்முடிச்சு நூற்புழு என்பது கண்ணுக்குப் புலனாகாத, மண்ணில் வாழும் புழுவினம். அது வேரினுட் புகுந்து, அங்குள்ள சில கலங்களைப் பருக்கச் செய்து, அவற்றையே தன் உணவுக் களஞ்சியமாக்கிக் கொள்ளும். வேர் முடிச்சு முடிச்சாய் வீங்கும். செடி வளர்ச்சி குன்றும். பெரூவியக் காட்டுத் தக்காளி இப்புழுவை எதிர்க்க வல்லது என்பது 1941இல் அறியப்பட்டது. ஆயினும் அதனைப் பயிர்த் தக்காளியோடு கலந்தபோது காய் தோன்றியும் விதை முற்றவில்லை. முளையத்துக்கு ஊட்டமளிக்க வேண்டிய இழையம் இடையிலே கெட்டழிந்தமையால் முளையமும் பட்டினியால் மாண்டது.

கலிபோர்ணியாவில் போல் சிமித் என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கொரு வழி கண்டார். தாய்க்காயினுள் முளையம் இறக்குமுன் அதனை வெளியே எடுத்து, ஊட்டப் பொருள் நிறைந்த கண்ணாடிக் குழாயில் வைத்து வளர்த்தார். தாயிழந்த சேயைப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பது போன்ற செயல் அது. அவர் 1944இல் இம்முயற்சியை வெளியிட்டார். அதன் பயனாகப் பிழைத்த ஒரு கலப்புச் செடியே பின்வந்தோர் பணிக்கெல்லாம் வித்தாயிற்று. ஹவாயிலும் பிறவிடங்களிலும் இருந்த ஆராய்ச்சியாளர் அதன் வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் பயிர்த் தக்காளியோடு கலந்தனர். காட்டின் கசப்பும் சிறுமையும் தலைமுறைதோறும் நீங்க, எதிர்ப்பு மாத்திரம் எஞ்சுமாறு பல்லாண்டு உழைத்தனர். பிற்காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த நூற்புழு எதிர்ப்புத் தக்காளிகள் நெடுங்காலம் தம் எதிர்ப்பை அந்த ஒரு முளையத்தினின்றே பெற்றன.

1998இல் அவ்வெதிர்ப்புக்குக் காரணமான பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. புழு வாய் வைத்த இடத்துக் கலங்கள் விரைந்து மடிந்து விடுகின்றன. உண்பதற்கு இடமின்றிப் புழு பட்டினி கிடக்கின்றது. செடி தன் சில கலங்களைப் பலி கொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்கின்றது. அதே பரம்பரையலகு ஒருவகை அழுக்கணவனையும் தடுக்கின்றது என்பதும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. புழுவை நாடித் தேடியவர்க்குப் பூச்சிக்கும் மருந்து கிடைத்தது.

எனினும் வெற்றி முழுமையானதன்று. மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியசைக் கடந்தால் இவ்வெதிர்ப்புத் தளர்ந்துவிடும். வெப்ப நாட்டுக் கமக்காரர்க்கு இது சிறிய குறை அன்று. எதிர்ப்பை மீறும் புழுக்களும் தோன்றியுள்ளன. வாடல் நோயிலும் இதுவே நிகழ்ந்தது: எதிர்ப்பை வென்ற புதிய பங்கசு வகையொன்று 1945இலேயே அறியப்பட்டது. பகைவன் உருமாறுந்தோறும் புதிய துணை தேடி மீண்டும் காட்டிடமே செல்ல வேண்டியிருக்கின்றது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரசுக்கு எதிர்ப்புத் தேடியோர் சிலி நாட்டுக் காட்டினத்தை நாடி, 1994இல் அதிலிருந்து பெற்ற பரம்பரையலகை வெளியிட்டமையும் இதற்கோர் எடுத்துக்காட்டு.

அங்ஙனம் நாடுவோர்க்குக் காட்டுச் செடி கைக்கெட்ட வேண்டுமன்றோ? இதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சாள்ஸ் றிக். 1915இற் பிறந்து 2002இல் மறைந்த இவர், 1948 தொடக்கம் பலமுறை அந்தீசுப் பகுதிக்குச் சென்று விதை திரட்டினார். கலாபாகோஸ் தீவுகளினின்றும் பெற்ற விதைகள் எளிதில் முளைக்கவில்லை. அத்தீவின் பேராமைகளுக்கு அவ்விதைகளை உண்ணக் கொடுத்து, ஆமையின் வயிற்றைக் கடந்து வந்தவற்றை விதைத்தபோது அவை நன்கு முளைத்தன! இவ்வரிய செய்தியை அவர் 1961இல் வெளியிட்டார். ஆமை அழிந்தால் செடியின் பரவலும் குன்றக்கூடும் என்பதை இதனால் உணரலாம். டேவிசு நகரில் அவர் பெயரால் அமைந்த நிலையம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விதைத் தொகுதிகளைப் பேணி வந்துள்ளது.

விதையைக் களஞ்சியத்திற் பேணுதல் மாத்திரம் போதுமா? வயலும் நகரும் விரிந்தமையால், றிக் முன்னர்க் கண்ட செடிகள் சில அவ்விடங்களினின்றும் மறைந்தன. விதை தந்த நாட்டின் உரிமையையும் மறத்தல் ஆகாது. ஒரு நாட்டின் உயிர்ச்செல்வம் அந்நாட்டின் ஆட்சிக்கு உரியது என்பதை 1992இல் எழுந்த உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது.

பெரூவியச் செடியின் விதையை முதலிற் சேர்த்து வைத்தவர் அதனுள் நூற்புழுவுக்கு மாற்று உண்டென்று அறிந்து சேர்த்தாரல்லர். பயன் பின்னரே தெரிந்தது. ஆதலின், பயனற்றதென்று ஒரு செடியை வேரோடு களையுமுன், அதன் பயனை இன்னும் நாம் அறியவில்லை என்று கூறுவதே பொருத்தமாகும்.