தெருவும் சக்கரமும் யாருக்கு? கறுப்பின ஸ்கேட்போர்டு பண்பாடு உக்கடத்துக்குச் சொல்வது

1963 ஆகஸ்ட் மாதத்தில் லெட்ஜர் ஸ்மித் என்ற கறுப்பின இளைஞர் சிகாகோ நகரிலிருந்து வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். பேருந்திலோ ரயிலிலோ அல்ல, காலில் ரோலர் ஸ்கேட் அணிந்து, ‘விடுதலை’ என்று பொறித்த பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு சென்றார். ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தூரத்தைப் பத்து நாட்களில் கடந்து, மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய மாபெரும் பேரணியில் கலந்துகொண்டார். வழியில் ஒருவர் அவர்மீது காரை ஏற்றவும் முயன்றார். கறுப்பின மனிதர் ஒருவர் நெடுஞ்சாலையில் தன் விருப்பப்படி உருண்டு செல்வதே ஓர் அரசியல் அறிக்கையாக இருந்த காலம் அது.

நமக்கு இது அயலார் கதையன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(1)(za) பிரிவைப் படித்தால் அது விளங்கும். பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பும் புத்தாடையும் அணிவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்கிறது அப்பிரிவு. நடக்காத ஒன்றைத் தடுக்க எந்த நாடாளுமன்றமும் சட்டம் இயற்றுவதில்லை. சக்கரத்தின்மேல் ஏறித் தெருவில் செல்லும் உரிமை இந்த நாட்டில் சாதியால் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதற்கு அரசே அளித்த ஒப்புதல் வாக்குமூலம் அது. இந்தப் பின்னணியில்தான் கறுப்பின இளைஞர்களின் ஸ்கேட்போர்டு வரலாற்றை இங்கே அறிமுகப்படுத்துகிறோம்.

கடற்கரையிலிருந்து நகரத் தெருவுக்கு

ஸ்கேட்போர்டு 1950களில் கலிஃபோர்னியாவில் பிறந்தது. அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு வீரர்கள் பலகையில் சக்கரம் பூட்டித் தரையில் சறுக்கினர். 1970களில் யூரித்தேன் சக்கரம் வந்ததும் பலகை தரையைப் பற்றி ஓடியது. அக்காலத்தில் ஏற்பட்ட கடும் வறட்சியில் வீடுகளின் நீச்சல் குளங்கள் வறண்டுபோக, இளைஞர்கள் அந்த வெற்றுக் குளங்களுக்குள் இறங்கிப் பழகினர். இதழ்களும் விளம்பரங்களும் இதை வெள்ளை இளைஞரின் விளையாட்டாகவே காட்டின.

ஆயினும் கறுப்பினத்தவர் தொடக்கத்திலிருந்தே அங்கு இருந்தனர். 1970களின் மார்ட்டி கிரைம்ஸ் முதல் கறுப்பினத் தொழில்முறை ஸ்கேட்டர் என மதிக்கப்படுகிறார். 1980களில் புகழ்பெற்ற ‘போன்ஸ் பிரிகேட்’ அணியில் ஸ்டீவ் ஸ்டெட்ஹாம் இடம்பெற்றார். அதே நிறுவனத்தின் காணொளிகளில் ரே பார்பீ தோன்றியபோது, தெருவின் சமதளத்திலேயே நடனம்போல் நகரும் அவருடைய பாணி ஒரு தலைமுறையைக் கவர்ந்தது.

வளைந்த சரிவுத் தளம் அமைக்கத் தனி இடமும் பணமும் வேண்டும். தெருப்பாணிக்குப் படிக்கட்டும் திண்ணையும் கைப்பிடிக் கம்பியும் போதும். விளையாட்டு தெருவுக்கு வந்த பிறகே நகரத்தின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் பெருமளவில் அதற்குள் நுழைய முடிந்தது. நுழைந்த அவர்கள் இரு பக்கமும் கேலியை எதிர்கொண்டனர். வெள்ளையர் “உனக்கு இங்கே என்ன வேலை” என்றனர். சொந்தத் தெருவினர் “இது வெள்ளைக்காரன் விளையாட்டு” என்றனர்.

வசைச்சொல் பெயரானது

ஃபிலடெல்ஃபியா நகரின் மையத்தில் உள்ள லவ் பார்க் என்னும் சதுக்கம் 1990களில் தெரு ஸ்கேட்டர்களின் தலைநகராக விளங்கியது. பளிங்கு விளிம்புகளும் கருங்கல் தரையும் கொண்ட அந்த இடத்தில் வளர்ந்தவர் ஸ்டீவி வில்லியம்ஸ். அவரையும் அவருடைய கறுப்பின நண்பர்களையும் மற்ற ஸ்கேட்டர்கள் ‘சேரியின் அழுக்குப் பிள்ளைகள்’ என்று பொருள்படும் சொல்லால் இழிவுபடுத்தினர். 2002இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அந்த வசையின் முதலெழுத்துகளையே ‘டி.ஜி.கே.’ எனப் பெயராக வைத்தார். பின்னர் உலகெங்கும் இளைஞர்கள் அவ்வெழுத்துகளைச் சட்டையில் விரும்பி அணிந்தனர். இழிவின் அடையாளமாக ஊர் சுமத்திய பறையை விடுதலையின் கருவியாக நிமிர்த்திய நமக்கு, இந்தச் செயலின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதே சதுக்கத்தில் ஆட்சியாளர்களின் இரட்டை நாக்கும் வெளிப்பட்டது. ஸ்கேட்போர்டுப் புகழை வைத்து நகரம் 2001, 2002ஆம் ஆண்டுகளில் ‘எக்ஸ் கேம்ஸ்’ போட்டிகளை வரவழைத்துக்கொண்டது. அதே காலத்தில் லவ் பார்க்கில் சறுக்குவதைச் சட்டவிரோதமாக்கி, காவலரை விட்டு விரட்டியது. சதுக்கத்தைத் திட்டமிட்ட நகரமைப்பாளர் எட்மண்ட் பேக்கன், 92 வயதில் தானே பலகையில் ஏறி நின்று இத்தடைக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். தடை நீங்கவில்லை. 2016இல் அந்தச் சதுக்கம் இடித்துத் திருத்தப்பட்டது.

காவல்துறையின் பார்வையில் பொது இடத்தில் நிற்கும் கறுப்பின இளைஞர் இன்றும் சந்தேகத்துக்குரியவரே. 2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரக் காவலர்கள் அடித்ததில் உயிரிழந்த டயர் நிக்கல்ஸ் ஒரு ஸ்கேட்டர். அவர் பலகையில் பறக்கும் பழைய காணொளியைத்தான் அந்த நாட்களில் உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது.

இசையும் படமும்

ஸ்கேட்போர்டுக் காணொளிக்குப் பின்னணி இசை வெறும் அலங்காரமன்று. சறுக்குபவரின் தாளத்தை அதுவே தீர்மானிக்கிறது. நியூயார்க்கில் 1990களின் பிற்பகுதியில் வெளியான ‘ஸூ யார்க் மிக்ஸ்டேப்’ காணொளி, வானொலியில் ராப் கலைஞர்கள் அந்தந்தக் கணத்தில் கட்டிப் பாடிய வரிகளோடு தெருச் சறுக்கலை இணைத்தது. ரே பார்பீ கிதார் கலைஞராகவும் இசைத்தொகுப்புகள் வெளியிட்டார். 2006இல் லூப்பே ஃபியாஸ்கோ பாடிய ‘கிக், புஷ்’ ஒரு ஸ்கேட்டரின் வாழ்க்கையை ராப் இசையின் மையத்துக்குக் கொண்டுவந்து, கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ‘வெள்ளைக்காரன் விளையாட்டு’ என்ற கேலியின் கூர் அதன்பின் பெரிதும் மழுங்கியது. ஃபரல் வில்லியம்ஸ், டைலர் தி கிரியேட்டர் போன்றோர் அந்த இணைப்பை மேலும் வலுப்படுத்தினர். பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்த டைஷான் ஜோன்ஸ் 2018, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் ‘திராஷர்’ இதழின் ஆண்டின் சிறந்த ஸ்கேட்டர் விருதைப் பெற்றார்.

திரைப்படத்தின் வரலாறு இவ்வளவு இனிமையானதன்று. 1995இல் லாரி கிளார்க் இயக்கிய ‘கிட்ஸ்’ படத்தில் நியூயார்க்கின் உண்மையான தெரு ஸ்கேட்டர்களே நடித்தனர். அவர்களுள் ஒருவரான ஹரால்டு ஹண்டர், அரசுக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பின இளைஞர். படம் உலகப் புகழ் அடைந்தது; ஹரால்டு 2006இல் முப்பத்தொரு வயதில் இறந்தார். படத்தில் நடித்த ஹாமில்டன் ஹாரிஸ், ‘வீ வேர் ஒன்ஸ் கிட்ஸ்’ என்ற 2021ஆம் ஆண்டு ஆவணப்படத்தின் உருவாக்கத்தில் பங்கேற்று, எங்கள் வாழ்க்கையை எடுத்துக்கொண்டவர்கள் எங்களுக்கு என்ன திருப்பித் தந்தார்கள் என்ற கேள்வியை எழுப்பினார்.

இதற்கு மாறாக, 2018இல் வந்த ‘மைண்டிங் தி கேப்’ ஆவணப்படத்தை எடுத்தவர் பிங் லியூ. அதில் வரும் கறுப்பின இளைஞர் கியர் ஜான்சனோடு ஒரே ஊரில் சறுக்கி வளர்ந்தவர் அவர். வீட்டு வன்முறையையும் நிறவெறியையும் அப்படம் உள்ளிருந்து பேசியது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. கேமராவைப் பிடித்த கை யாருடையது என்பதே இவ்விரு படங்களுக்கும் இடையிலான வேறுபாடு.

இந்தியாவில் உருளும் பலகை

மாமல்லபுரத்தின் மீனவர் பகுதியில் வளர்ந்த கமலி மூர்த்தி, சிறு வயதிலேயே வெறுங்காலோடு பலகையில் ஏறினார். அவர் சறுக்கும் படம் உலகெங்கும் பரவியது. சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ குறும்படம் 2020இல் பாஃப்டா பரிந்துரை பெற்றது. பிறகு கமலி அலைச்சறுக்கில் தேசிய அளவிலான போட்டியாளராக உயர்ந்தார்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள ஜன்வார் கிராமத்தில் 2015இல் ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரைன்ஹார்டு ஒரு ஸ்கேட் தளம் அமைத்தார். பள்ளிக்குச் செல்லாதவருக்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம் என்பவை அங்குள்ள விதிகள். யாதவர் வீட்டுப் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் அங்கு ஒரே தரையில் சறுக்கினர். கோண்டு ஆதிவாசிப் பெண்ணான ஆஷா கோண்டு 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டார்.

இவை மகிழத்தக்கவை. ஆயினும் ஒரு பொதுத்தன்மையைக் கவனிக்க வேண்டும். பலகையைக் கொண்டுவந்தவரும் தளம் அமைத்தவரும் படம் எடுத்தவரும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தோர். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஸ்கேட்டர் கேர்ள்’ படத்திலும் ராஜஸ்தான் சிறுமியின் வாழ்வில் மாற்றத்தைத் தொடங்கிவைப்பவர் லண்டனிலிருந்து வரும் பெண்ணே. உதவிய கைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உதவியாளர் ஊர் திரும்பிய பின் தரையும் பலகையும் யார் கையில் இருக்கும் என்பதே நமது கேள்வி.

அதற்கான விடையை நமது இயக்கம் இசையிலும் திரையிலும் தேடத் தொடங்கிவிட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவையும் ராப்பையும் பறையையும் ஒன்றாக்கியது. அறிவு தமது இசைத்தொகுப்புக்குத் ‘தெருக்குரல்’ என்றே பெயரிட்டார். 2024இல் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ அரக்கோணத்துத் தலித் இளைஞரின் கிரிக்கெட்டைப் படமாக்கியது. விளையாட்டும் இசையும் திரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பண்பாட்டை அமைக்க நம்மிடம் ஆள் உண்டு. நிலம்தான் இல்லை.

பாலத்தின் கீழே

உக்கடத்துக்கு வருவோம். கோவையைத் துடைத்துச் சுத்தம் செய்யும் தூய்மைப் பணியாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் அருந்ததியர். மாநகராட்சிக்காக உழைக்கும் அவர்கள் உக்கடம் சி.எம்.சி. காலனியில் வாழ்ந்தனர். மேம்பாலப் பணிக்காக அங்கு வீடுகள் அகற்றப்பட்டன. உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெரியகுளத்தின் கரை பொலிவுறு நகரத் திட்டத்தில் அழகுபடுத்தப்பட்டது. நகரம் வேகமாகக் கடந்து செல்ல ஒரு பாலமும், மாலையில் உலவ ஒரு கரையும் கிடைத்தன. அதற்காக இடம் பெயர்ந்தோரின் பிள்ளைகள் விளையாட எங்கே இடம் என்பது எந்தத் திட்ட அறிக்கையின் தலைப்பிலும் இடம்பெறும் கேள்வியன்று.

மேம்பாலத்தின் அடியில் எஞ்சும் நிலம் வீண் நிலமன்று. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 1990இல் ஸ்கேட்டர்கள் பர்ன்சைடு பாலத்தின் கீழே அனுமதி கேட்காமல் தாங்களே சிமெண்டு பூசித் தளம் அமைத்தனர். நகர நிர்வாகம் பின்னர் அதை ஏற்றது. ஃபிலடெல்ஃபியாவில் நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழுள்ள எஃப்.டி.ஆர். தளமும் பெரும்பாலும் ஸ்கேட்டர்களின் உழைப்பில் வளர்ந்ததே. லண்டனின் சவுத்பேங்க் கட்டடத்தின் அடித்தளத்தை வணிகக் கடைகளாக்கும் திட்டத்தை எதிர்த்து இளைஞர்கள் மக்கள் ஆதரவைத் திரட்டி, 2014இல் தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டனர். தாமே கட்டி, தாமே பராமரித்து, தாமே போராடிய இந்த இடங்கள் நிலைத்தன. நகரம் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திய லவ் பார்க் நிலைக்கவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் குளங்கள், சாலைகள், பொது இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் எவருக்கும் தடை கூடாது என்கிறது. பெரியகுளம் குளம், மேம்பாலம் சாலை, அதன் அடி நிலம் பொது இடம். எனவே நாம் கேட்பது சலுகையன்று.

கோவை மாநகராட்சி மேம்பாலத்தின் கீழ் ஒரு பகுதியை இளையோர் விளையாட்டுத் தளமாக ஒதுக்க வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் பெண்களும் இளைஞர்களும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பலகையும் தலைக்கவசமும் பொதுவில் வாங்கி, சைக்கிள் வாடகைக் கடைபோல் முறை வைத்துக் கொடுக்கலாம், கட்டணம் கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும். அவர்களின் கதையைப் படமாக்கும் பயிற்சியும் கேமராவும் அந்தத் தெருவுக்கே வர வேண்டும்.

2019 டிசம்பரில் இதே மாவட்டத்தின் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு சுவர் இடிந்து 17 தலித்துகள் உயிரிழந்தனர். நம்மைப் பிரிக்கச் சிமெண்டு எழுப்ப இந்த ஊருக்குத் தெரியும். நம் பிள்ளைகள் விழுந்து, எழுந்து, மீண்டும் உருள அதே சிமெண்டைத் தரையில் பரப்பச் சொல்லுவோம். கல்லூரி மாணவத் தோழர்கள் இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சி ஆணையரிடமும் அளிப்பதிலிருந்து தொடங்கலாம்.